மாட்டுக்கு அம்மை வந்தால் மறைக்காதீர்கள்

போன வாரம் ஒரு கிராமத்தில் மாடுகளுக்குப் பெரியம்மைத் தடுப்பூசி போடப் போயிருந்தேன். மாட்டுக்கு உடம்பெல்லாம் கட்டி கிளம்பும் தோல் கழலை நோயைத்தான் (லம்பி ஸ்கின்) இங்கே பெரியம்மை என்கிறோம். "ரெண்டே மாடுதான் சார்" என்றார் ஒரு வீட்டுக்காரர். கொல்லைப்புறத்தில் சாக்குத் திரைக்குப் பின்னால் மூன்றாவது மாடு நின்றது. கழுத்திலிருந்து தொடைவரை கட்டிகள், மேலே மஞ்சள் அப்பியிருந்தது. முன்கால் வீங்கிப் படுக்கவும் முடியவில்லை. தோளுக்கு முன்னால் நெறிகட்டி எலுமிச்சை அளவுக்குக் கையில் தட்டுப்பட்டது. புதிதாகச் சந்தையில் பிடித்து வந்த மாடாம். ஏன் சொல்லவில்லை என்றால், "சொசைட்டியில் பால் எடுக்க மாட்டாங்க" என்கிறார். இதே பதிலை வீட்டுக்கு வீடு கேட்டு அலுத்துப்போய்த்தான் எழுதுகிறேன்.

இந்த நோய் மனிதர்களுக்கு ஒட்டாது. காய்ச்சிய பாலைத் தாராளமாகக் குடிக்கலாம். 2022-ல் ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மாடுகள் கொத்துக்கொத்தாகச் செத்தபோது, பாலைக் குடித்தால் ஆளுக்கும் ஒட்டும் என்று பரவிய வதந்தி இன்னும் ஓயவில்லை.

"அரசாங்கம் நோய் வந்த பிறகுதான் வருது" என்று திட்டுகிறீர்கள். சரி, எங்கே வர வேண்டும் என்று யார் சொல்வது? பாதித்த ஊரை நடுவில் வைத்து, சுற்றிலும் 5 கிலோமீட்டருக்குள் இருக்கும் நல்ல மாடுகளுக்கு ஊசி போட்டு வளையம் கட்டுவதுதான் நடைமுறை. பக்கத்துச் சந்தைகளை மூடுவதும், மாடு ஏற்றிய வண்டிகளை நிறுத்துவதும் அந்த நடு ஊரை வைத்துத்தான். உங்கள் மாட்டைச் சாக்குக்குப் பின்னால் கட்டினால் வளையம் வேறெங்கோ விழும். கொசுவும் கடி ஈயும் உங்கள் கட்டுத்தரையிலிருந்து அடுத்த கட்டுத்தரைக்குப் போய்க்கொண்டே இருக்கும். தொற்றுநோய் என்று சந்தேகம் வந்தாலே மாட்டுக்காரர் ஊர் அலுவலரிடமோ பஞ்சாயத்திலோ சொல்லியாக வேண்டும், நோய் கண்ட மாட்டைத் தனியாகக் கட்ட வேண்டும் என்று 2009-ஆம் ஆண்டுச் சட்டமே இருக்கிறது. சட்டத்தைக் காட்டி மிரட்ட எனக்கு விருப்பமில்லை. ஆனால் அப்படி ஒன்று இருப்பது பலருக்குத் தெரியவில்லை.

என்னை அதிகம் நோகடிப்பது இன்னொரு பேச்சு: "ஊசி போட்ட பிறகுதான் சார் அம்மையே வந்துச்சு." ஊருக்கு ஊர் இதைக் கேட்கிறேன், அதனால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். கிருமி உள்ளே போன அன்றைக்கே கட்டி கிளம்பாது. காய்ச்சல் வரவே ஒரு வாரம், இரண்டு வாரம் ஆகும், சில மாடுகளில் நான்கு வாரம்கூட ஆகும். ஊசி போட்டதும் எதிர்ப்பு சக்தி வந்துவிடுவதும் இல்லை. அதற்கும் ஏறக்குறைய மூன்று வாரம் வேண்டும். செவ்வாய்க்கிழமை ஒரு ஈ கடித்து, வெள்ளிக்கிழமை நான் ஊசி போட்டு, அடுத்த வாரக் கடைசியில் கட்டி வந்தால், அந்தக் கட்டி செவ்வாய்க்கிழமைக் கணக்கு. ஊசி ஒன்று இரண்டு நாள் காய்ச்சல் காட்டலாம், போட்ட இடம் லேசாக வீங்கலாம், பால் சற்றுக் குறையலாம். அவ்வளவுதான். ஊருக்குள் நோய் நுழைந்த பிறகு போட்டால் சில மாடுகள் இப்படி நடுவில் மாட்டிக்கொள்ளத்தான் செய்யும். முன்கூட்டியே போடுங்கள் என்று கெஞ்சுவது அதனால்தான்.

"கோமாரி ஊசி போட்டிருக்கோமே" என்பவர்களுக்கு: வாயிலும் குளம்பிலும் புண் வரும் கோமாரி வேறு கிருமி, இது வேறு கிருமி. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் கோமாரி ஊசி அம்மையைத் தடுக்காது. ஆட்டம்மை ஊசியை மாட்டுக்குப் போடுகிறார்களே என்றும் பயப்படாதீர்கள். இரண்டு அம்மைக் கிருமிகளும் நெருங்கிய பங்காளிகள், அதனால் அந்த ஊசி மாட்டிலும் வேலை செய்கிறது.

வெற்றிலை, மிளகு, உப்பு, வெல்லம் அரைத்து நாக்கில் தடவுவதை நான் தடுக்கவில்லை. புண்ணில் வேப்பிலை, மஞ்சள், குப்பைமேனி போட்டுக் காய்ச்சிய எண்ணெய் தடவுங்கள், ஈ மொய்க்காது. ஆனால் அதோடு நிறுத்திவிட்டு எங்களிடம் சொல்லாமல் இருக்காதீர்கள்.

நோய் கண்ட மாட்டுக்குத் தடுப்பூசி போடச் சொல்லி வற்புறுத்தாதீர்கள், அதற்குச் சிகிச்சைதான் தேவை. ஒரு மாட்டுக்குக் குத்திய ஊசியை இன்னொரு மாட்டுக்குக் குத்த யாரையும் விடாதீர்கள், என்னையும் சேர்த்துத்தான். சாணக்குழியில் தண்ணீர் தேங்க விடாதீர்கள், சாயங்காலம் வேப்பிலைப் புகை போடுங்கள். புதிதாக வாங்கிய மாட்டை மூன்று நான்கு வாரம் ஒதுக்கிக் கட்டுங்கள். கட்டி வந்த மாட்டைப் பாதி விலைக்குத் தரகர் தலையில் கட்டுவது பெரும் பாவம், வாங்குகிறவரும் உங்களைப்போல ஒரு குடியானவர்தான். செத்துப்போனால் ஆற்றிலோ ஓடையிலோ இழுத்துப் போடாமல், ஆழக் குழி தோண்டி சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள்.

காய்ச்சலும் ஒன்றிரண்டு கட்டியும் தெரிந்த அன்றே மாட்டாஸ்பத்திரிக்குச் சொல்லுங்கள், இல்லையென்றால் 1962 என்ற கால்நடை உதவி எண்ணுக்குப் போன் போடுங்கள். எந்த ஊர், எத்தனை மாடு, எப்போது எங்கே வாங்கியது என்ற மூன்றையும் மறக்காமல் சொல்லுங்கள். முக்கியமாக, எந்தச் சந்தை என்று சொல்லுங்கள். அதே சந்தையில் அன்றைக்கு மாடு பிடித்தவர்களை நாங்கள் தேடிப் போக வேண்டியிருக்கிறது.