டாலரன்ஸ்: தமிழில் பொறுதி

விமான உதிரிபாகம் செய்யப் பயிற்சி எடுப்பவர் முதல் வாரத்திலேயே கேட்டுவிடும் சொல் டாலரன்ஸ். "ஜாப் டாலரன்ஸுக்குள்ள இருக்கா?" என்ற கேள்வி நாள் முழுக்கக் காதில் விழும் (ஜாப் என்பது செய்துகொண்டிருக்கும் பாகம்). பொருள் தேடி அகராதியைத் திறந்தால் 'சகிப்புத்தன்மை' என்று இருக்கும். லேத் என்ற கடைசல் இயந்திரத்தின் முன்னால் நிற்கிறவருக்கு அதனால் பயன் இல்லை, கெடுதல்கூட உண்டு. கொஞ்சம் கூடக்குறையப் போனால் யாரோ சகித்துக்கொள்வார்கள் என்ற எண்ணத்தை அது விதைத்துவிடும்.

சரி, பட்டறையில் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள்? 25 மி.மீ. என்று சொன்னால் அதை இம்மியும் பிசகாமல் 25 ஆகவே செய்ய எந்த இயந்திரத்தாலும் முடியாது. வெட்டும் கருவி தேயும், உலோகம் சூடாகும், இயந்திரம் அதிரும். அதனால் டிராயிங், அதாவது பாகத்தின் வரைபடம், ஓர் அளவைச் சொல்லிவிட்டு நிற்பதில்லை. எதுவரை கூடலாம், எதுவரை குறையலாம் என்று மேலெல்லையையும் கீழெல்லையையும் சேர்த்தே சொல்கிறது. அந்த இரண்டு எல்லைகளுக்கும் நடுவே உள்ள அகலம்தான் டாலரன்ஸ்.

ஓர் எடுத்துக்காட்டு. 25 மி.மீ. துளைக்குப் பக்கத்தில் எச்7 என்ற டாலரன்ஸ் குறி இருந்தால், ஐஎஸ்ஓ 286 என்ற பன்னாட்டுத் தர அட்டவணைப்படி துளை 25.000 முதல் 25.021 மி.மீ. வரை இருக்கலாம். அகலம் 21 மைக்ரான் (ஒரு மைக்ரான் மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு), தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு. அதற்குள் சுழல வேண்டிய தண்டுக்கு ஜி6 கொடுத்திருந்தால் 24.980 முதல் 24.993 வரை. இந்த இரண்டிலும் எந்தத் துளையை எந்தத் தண்டோடு சேர்த்தாலும் குறைந்தது 7 மைக்ரான், அதிகம் போனால் 41 மைக்ரான் இடைவெளி கிடைக்கும். தண்டு சுழலும். அதே துளைக்குத் தண்டை 25.022 முதல் 25.035 வரை என்று மாற்றிவிட்டால் எந்தச் சோடியும் இறுக்கமாகத்தான் உட்காரும், அழுத்தித்தான் ஏற்ற வேண்டும். தண்டின் எல்லைகள் 42 மைக்ரான் நகர்ந்ததும் ஓடும் மூட்டு ஓடாத மூட்டாகிறது. ஆக, இந்த எண்களை யாரும் கருணை காட்டிக் கொடுப்பதில்லை. அந்தப் பாகம் செய்ய வேண்டிய வேலையிலிருந்து அவை வருகின்றன.

இப்போது சொல்லின் பிறப்பு. லத்தீனில் 'டொலராரே' என்றால் சுமத்தல், தாங்குதல். ஆங்கிலத்துக்கு 15ஆம் நூற்றாண்டில் வந்தபோது வலியைத் தாங்கும் உறுதி என்பதே பொருள். மாற்றுக் கருத்தைப் பொறுத்துக்கொள்வது என்ற பொருள் பிறகு சேர்ந்தது. அனுமதிக்கப்பட்ட அளவு வேறுபாடு என்ற பொருள் 19ஆம் நூற்றாண்டில் நாணயம் அடிக்கும் தொழிலில் பிடித்தது. நாணயத்தின் எடையும் உலோகத் தூய்மையும் எவ்வளவு விலகலாம் என்பதற்கு அங்கே அந்தப் பெயர். எடை பார்ப்பதில் தொடங்கியது பொருத்தம்தான், ஏனென்றால் அந்த லத்தீன் சொல்லின் வேரிலிருந்தே வடமொழியின் 'துலா'வும் வருகிறது. நாம் தராசைச் சொல்லும் துலாக்கோலில் இருப்பதும் அதுவே. டாலரன்ஸும் துலாமும் உறவுக்காரர்கள் என்று தெரிந்த நாளிலிருந்து எனக்கு இந்தச் சொல்மேல் தனிப் பிரியம்.

இந்தப் பொருள் நாணயச்சாலையில் பிறந்தாலும் கருத்தை வளர்த்தது ஆயுதத் தொழில். 18ஆம் நூற்றாண்டுவரை துப்பாக்கியின் ஒவ்வொரு பாகத்தையும் அதன் சோடிப் பாகத்தோடு வைத்து அரத்தால் ராவிப் பொருத்தினார்கள். ஒன்றின் பாகம் இன்னொன்றில் ஏறாது. பிரான்சில் ஒனோரே பிளாங்க் என்பவர் இதை மாற்றினார். 1785இல் பாரிசில் இருந்த, பின்னாளில் அமெரிக்க அதிபரான தாமஸ் ஜெபர்சன், பிளாங்க் செய்த ஐம்பது துப்பாக்கிச் சுடுபொறிகளின் கழற்றி வைத்த பாகங்களிலிருந்து கைக்கு வந்ததை எடுத்துத் தானே சிலவற்றைப் பூட்டிப் பார்த்துக் கடிதம் எழுதியிருக்கிறார். எந்தப் பாகமும் எதிலும் ஏற வேண்டுமானால் எல்லைகளை முன்கூட்டியே வகுத்தாக வேண்டும். இன்று விமானத்தின் ஒரு பாகத்தை ஓர் ஆலையிலும் அதன் சோடியை வேறொரு நாட்டிலும் செய்து, மூன்றாவது இடத்தில் பூட்டுவதற்கு அடிப்படை இதுவே.

இன்னொரு திருப்பமும் ஆயுதச் சாலையில்தான் நடந்தது. ஸ்காட்லாந்தில் கடற்படைக்கு டார்பிடோ என்ற நீருக்கடியில் பாயும் குண்டு செய்த தொழிற்சாலையில் ஸ்டான்லி பார்க்கர் என்பவர் வேலை பார்த்தார். துளையின் மையம் குறித்த இடத்திலிருந்து இரு திசைகளிலும் எவ்வளவு விலகலாம் என்று தனித்தனியே சொன்னால் ஒரு சதுரம் கிடைக்கும். சதுரத்தின் மூலையில் மையம் இருந்தாலும் பாகம் பூட்டிக்கொள்கிறது என்றால், அந்த மூலைகளைத் தொடும் வட்டம் முழுவதையும் ஏன் அனுமதிக்கக் கூடாது என்று அவர் கேட்டார். வட்டத்தின் பரப்பு சதுரத்தைவிட 57 விழுக்காடு கூடுதல். அதனால் நல்ல பாகத்தை ஸ்கிராப்பில் போடுவது குறையும். விமான டிராயிங்குகளில் கட்டம் கட்டிப் போட்டிருக்கும் வடிவ, இடக் குறியீடுகள் இந்தக் கேள்வியிலிருந்து வளர்ந்தவை. பயிற்சியில் இந்தப் பாடம் பலருக்கும் கடினமாக இருக்கிறது. சதுரத்தையும் வட்டத்தையும் பலகையில் வரைந்து தொடங்கினால் பாதிப் பயம் போய்விடும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ஏற்கத்தக்க பிழை' என்று எழுதுகிறார்கள். 25.018 மி.மீ. துளையில் பிழையே இல்லை, அது சரியான துளை. 'தாங்குதிறன்' என்றால் பாகம் எவ்வளவு சுமை தாங்கும் என்று பொருள் போய்விடும். 'விலக்கம்' நெருங்கி வருகிறது, ஆனால் அது குறித்த அளவிலிருந்து ஓர் எல்லைவரை உள்ள தூரம். அந்தச் சொல்லை அதற்கே வைத்துக்கொள்ளலாம்.

எனக்குச் சரியாகப் படுவது 'பொறுதி'. பேச்சில் பொறுமை, மன்னிப்பு என்ற பொருளில் உள்ள சொல், கலைச்சொல்லாகவும் சிலர் ஏற்கெனவே எழுதுகிறார்கள். வேர் 'பொறு'. சுமத்தல், தாங்குதல் என்பது அதன் பொருள். 'பொறை' என்றால் பாரமும் உண்டு, பொறுமையும் உண்டு. 'பொறுப்பு' அதே குடும்பம். லத்தீன் சொல் சுமையிலிருந்து பொறுமைக்குப் போன அதே வழியில் நம் சொல்லும் போயிருக்கிறது. பொறுப்பது யார் என்று கேட்டால் விடையும் தெளிவு: அந்த மூட்டு பொறுக்கிறது. 41 மைக்ரான் இடைவெளிவரை பொறுக்கும், 42ஐப் பொறுக்காது.

கிளைச்சொற்களும் எளிதில் அமைகின்றன. எல்லைகள் பொறுதி வரம்பு, அனுமதித்த பகுதி பொறுதிப் பட்டை, துளையின் இடத்துக்கு இடப் பொறுதி, பல பாகங்களின் வேறுபாடுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறினால் பொறுதிக் குவிவு. அலவன்ஸைப் பொறுதி என்று சொல்லிவிடக் கூடாது. தண்டுக்கும் துளைக்கும் நடுவே வேண்டுமென்றே வைக்கும் இடைவெளியோ இறுக்கமோதான் அது, ஒரே பாகத்தின் இரு எல்லைகளோடு அதற்குத் தொடர்பு இல்லை.

வெப்பத்தையும் மறக்கக் கூடாது. டிராயிங்கில் உள்ள அளவெல்லாம் 20 டிகிரி செல்சியஸுக்கு உரியவை. 100 மி.மீ. நீள அலுமினியப் பாகம் 30 டிகிரியில் சுமார் 23 மைக்ரான் நீண்டிருக்கும். மேலே பார்த்த துளையின் முழுப் பொறுதியைவிட அதிகம். இயந்திரத்திலிருந்து எடுத்த சூட்டோடு மைக்ரோமீட்டர் என்ற அளவுகருவியை வைத்தால் சரியான பாகம் தவறாகவும், தவறானது சரியாகவும் தெரியும்.

எழுதும்போது ஒன்று. பொறுதிக்கு வல்லின ற, பொருத்தத்துக்கு இடையின ர. ஃபிட் என்பதற்கு நாம் சொல்வது பொருத்தம். இரண்டும் ஒரே வாக்கியத்தில் அடிக்கடி வரும்: துளைக்கும் தண்டுக்கும் கொடுத்த பொறுதியைப் பார்த்தால் அவற்றின் பொருத்தம் தெரியும்.