இரண்டே தாவலில் ஒரு சொல்

ஒரு லட்சம் சொற்கள் கொண்ட அகராதி ஒன்று டிஸ்க்கில் ஒரே ஃபைலாக இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஒரு சொல்லைக் கொடுத்தால் அதன் பொருள் கிடைக்க வேண்டும். கொடுக்கும் சொல் சாவி, கிடைக்கும் பொருள் மதிப்பு. இந்த ஒரு வேலைக்காகவே எழுதப்பட்ட டேட்டாபேஸ்கள் நிறைய இருக்கின்றன. அவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது சிடிபி. டி. ஜே. பெர்ன்ஸ்டைன் என்ற கணித அறிஞர் 1990களில் உருவாக்கியது. அவருடைய க்யூமெயில் அஞ்சல் மென்பொருளும், இணையப் பெயர்களுக்கு முகவரி சொல்லும் டைனிடிஎன்எஸ்ஸும் தங்கள் பட்டியல்களை இந்த வடிவத்தில்தான் வைத்துக்கொண்டன. இதன் முழு அமைப்பையும் ஒரு தாளில் வரைந்து காட்டிவிடலாம்.

அதற்கு முன் டிஸ்க்கின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டும். நிமிடத்துக்கு 7200 முறை சுழலும் ஹார்ட் டிஸ்க்கில் ஒரு சுற்றுக்கே 8.3 மில்லி விநாடி ஆகிறது. படிக்கும் முனை சரியான தடத்துக்கு நகர்வதையும் சேர்த்தால், ஓர் இடத்துக்குத் தாவ ஏறக்குறைய 10 மில்லி விநாடி. ரேமில் ஓர் இடத்தைத் தொட ஏறக்குறைய 100 நானோ விநாடி போதும். லட்சம் மடங்கு வித்தியாசம். ரேமைத் தொட ஒரு விநாடி ஆகும் என்றால், டிஸ்க்கைத் தொட ஒரு முழு நாளுக்கும் மேல் காத்திருக்க வேண்டும். சுழலும் தட்டே இல்லாத எஸ்எஸ்டி இந்த இடைவெளியை நன்றாகக் குறைத்திருக்கிறது, ஆனாலும் ரேமுக்குப் பக்கத்தில் வரவில்லை. அதனால் டிஸ்க்கில் வாழும் எந்த ஏற்பாட்டையும் எடைபோட நான் முதலில் கேட்பது, எத்தனை தாவல் என்பதைத்தான்.

சொற்களை அகரவரிசையில் அடுக்கி, நடுவில் பார்த்து, பாதியை ஒதுக்கி, மீண்டும் நடுவில் பார்த்துத் தேடினால் ஒரு லட்சத்துக்கு 17 முறை தாவ வேண்டியிருக்கும். ஹாஷ் முறையில் தேடுவதே இல்லை. சொல்லை வைத்துக் கணக்குப் போட்டால், அது இருக்கும் இடம் எண்ணாக வந்துவிடும்.

அந்தக் கணக்கை ‘அ’ என்ற ஒற்றை எழுத்துக்குப் போட்டுப் பார்ப்போம். எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 முறையில் ‘அ’ மூன்று பைட்டுகள்: 224, 174, 133. சிடிபியின் ஹாஷ் 5381 என்ற எண்ணில் தொடங்குகிறது. ஒவ்வொரு பைட்டுக்கும், கையில் உள்ள எண்ணை 33ஆல் பெருக்கி, அந்தப் பைட்டோடு எக்ஸார் செய்ய வேண்டும். எக்ஸார் என்றால் இரண்டு எண்களின் பிட்டுகளையும் வரிசையாக ஒப்பிட்டு, வேறுபடும் இடத்தில் 1, ஒத்துப்போகும் இடத்தில் 0 போடுவது. விடை 32 பிட்டைத் தாண்டினால் மேலே வழிவதை வெட்டிவிட வேண்டும்.

5381ஐ 33ஆல் பெருக்கினால் 177573, அதை 224உடன் எக்ஸார் செய்தால் 177477. மறுபடி 33ஆல் பெருக்கினால் 5856741, 174உடன் எக்ஸார் செய்தால் 5856587. மூன்றாம் முறை பெருக்கினால் 193267371, 133உடன் எக்ஸார் செய்தால் 193267246. இதுதான் ‘அ’வின் ஹாஷ். அடுத்து இதை 256ஆல் வகுக்க வேண்டும். ஈவு 754950, மீதி 46. இந்த இரண்டு எண்களும் தேவைப்படும்.

சிடிபி ஃபைலின் முதல் 2048 பைட்டுகள் தலைப்பகுதி. அதில் தலா 8 பைட்டில் 256 குறிப்புகள் இருக்கும், எண்ணிக்கை 0இலிருந்து தொடங்கும். நமக்கு வந்த மீதி 46 என்பதால், 46 × 8 = 368ஆம் பைட்டில் உள்ள குறிப்பை எடுக்கிறோம். 46ஆம் அட்டவணை ஃபைலில் எங்கே தொடங்குகிறது, அதில் எத்தனை கட்டங்கள் என்ற இரண்டு எண்கள் அதில் கிடைக்கும். தலைப்பகுதி சின்னது, அடிக்கடி படிக்கப்படுவது. அதனால் அது பெரும்பாலும் ரேமிலேயே தங்கிவிடும், அதைத் தாவலாக எண்ண வேண்டியதில்லை.

ஒரு லட்சம் சொற்கள் 256 அட்டவணைகளில் பரவினால் ஒன்றுக்குச் சுமார் 390 வரும். நம் 46ஆம் அட்டவணைக்கு 400 சொற்கள் வந்தன என்போம். சிடிபி அதற்கு 800 கட்டங்கள் ஒதுக்கும், எப்போதும் இரண்டு மடங்கு. ஈவு 754950ஐ 800ஆல் வகுத்தால் மீதி 550. நேராக 550ஆம் கட்டத்துக்குத் தாவுகிறோம். அங்கே இருப்பது எட்டே பைட்: ஒரு முழு ஹாஷ் எண், அந்தச் சொல்லின் பதிவு ஃபைலில் தொடங்கும் இடம். ஹாஷ் பொருந்தினால் அந்த இடத்துக்கு இரண்டாவது தாவல். அங்கே சாவியின் நீளம், மதிப்பின் நீளம், சாவி, மதிப்பு என்ற வரிசையில் எல்லாம் இருக்கும். சாவியை ஒருமுறை சரிபார்த்துவிட்டு மதிப்பை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

550ஆம் கட்டத்தில் வேறொரு சொல் முந்திக்கொண்டு உட்கார்ந்திருந்தால்? அடுத்த கட்டத்தைப் பார்க்க வேண்டும், அப்புறம் அதற்கடுத்தது, கடைசிவரை போனால் மறுபடி முதல் கட்டம். காலிக் கட்டம் வந்தால் அந்தச் சொல் ஃபைலிலேயே இல்லை என்று பொருள். பாதிக் கட்டங்கள் எப்போதும் காலியாக இருப்பதால் இந்த நடை சீக்கிரம் முடியும். பக்கத்துக் கட்டங்கள் பெரும்பாலும் அதே வாசிப்பில் கூடவே வந்துவிடுவதால் புதுத் தாவலும் தேவைப்படாது. கட்டத்திலேயே முழு ஹாஷையும் எழுதி வைத்ததன் அருமை இங்கேதான் தெரிகிறது. எண் பொருந்தாவிட்டால் பதிவுப் பக்கம் போகவே வேண்டாம். அதனால் இல்லாத சொல்லுக்கு ஒரே தாவலில் ‘இல்லை’ என்ற பதில் வந்துவிடும். இத்தனைக்கும் ஆகும் கூடுதல் இடம் பதிவுக்கு 24 பைட்தான்: நீளங்களுக்கு 8, இரண்டு கட்டங்களுக்கு 16.

இவ்வளவு நேர்த்திக்கும் சிடிபி ஒரு விலை கொடுக்கிறது. எழுதி முடித்த ஃபைலில் ஒரு சொல்லைக்கூடச் சேர்க்கவோ மாற்றவோ முடியாது. ஏன் என்று நம் 550ஆம் கட்டமே சொல்லும். 800 கட்டங்களோடு ஒன்றே ஒன்றைக் கூட்டி 801 ஆக்கினால், 754950ஐ 801ஆல் வகுத்த மீதி 408. அதாவது ‘அ’ பழைய 550இல் இருக்க, புதுக் கணக்கு அதை 408இல் தேடும், மற்ற சொற்களுக்கும் கிட்டத்தட்ட இதே கதிதான். ஆகவே மாற்றம் வேண்டுமென்றால் முழு ஃபைலையும் புதிதாக வேறு பெயரில் எழுதி, முடிந்ததும் பெயரை மாற்றிப் பழையதன் இடத்தில் வைத்துவிட வேண்டும். பழைய ஃபைலைத் திறந்து வைத்திருப்பவர்கள் அதையே படித்து முடிப்பார்கள், புதிதாக வருபவர்களுக்குப் புதியது கிடைக்கும். எழுதும்போது படிப்பவர்களைத் தடுத்து நிறுத்தும் பூட்டு தேவையில்லை. எழுதும்போது பாதியில் கரண்ட் போனாலும் பழைய ஃபைல் அப்படியே இருக்கும். மாற்றும் உரிமையை விட்டுக்கொடுத்து இவ்வளவு நிம்மதியைப் பெற்றது மிக நல்ல பேரம் என்பது என் கருத்து. அகராதியும் அஞ்சல் முகவரிப் பட்டியலும் விநாடிக்கு விநாடி மாறுபவை அல்லவே.

மாறிக்கொண்டே இருக்கும் தரவுக்கு வேறு வழி வேண்டும். 801ஐ விட்டுவிட்டு, அட்டவணையை 1600ஆக இரட்டித்துப் பாருங்கள். ‘அ’வுக்குப் புது இடம் 1350, அதாவது 550 கூட்டல் 800. எந்தச் சாவியாக இருந்தாலும், இரட்டிக்கும்போது ஒன்று பழைய இடத்திலேயே இருக்கும், இல்லையென்றால் சரியாக 800 தள்ளிப் போகும். விட்டோல்ட் லிட்வின் 1980இல் வெளியிட்ட நேரியல் ஹாஷ் முறை இந்தப் பண்பின் மேல்தான் நிற்கிறது. பல பதிவுகளை ஒன்றாக வைக்கும் வாளிகள் 800 இருந்தால், எல்லாவற்றையும் ஒரே நாளில் இரட்டிக்காமல், முதலில் 0ஆம் வாளியை மட்டும் 0, 800 என்று பிரிக்கும், பிறகு 1ஆம் வாளியை 1, 801 என்று. எதுவரை பிரித்தாயிற்று என்ற ஒரு எண்ணை நினைவில் வைத்தால் போதும். அதற்கு முந்தைய வாளி என்றால் 1600ஆல் வகு, இல்லையென்றால் 800ஆல் வகு. வளர்ச்சியின் சுமை ஒரே நேரத்தில் இறங்காமல் கொஞ்சம் கொஞ்சமாகப் பரவிவிடுகிறது.

2010இல் பாஷோ நிறுவனம் தன் ரியாக் டேட்டாபேஸுக்காக வெளியிட்ட பிட்காஸ்க் வேறு பக்கமாகப் போனது. ஹாஷ் அட்டவணையை ரேமிலேயே வைத்துவிட்டு, டிஸ்க்கில் பதிவுகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கடைசியில் சேர்த்துக்கொண்டே போகும். ஒரு சொல்லின் பொருள் மாறினால் புதுப் பதிவு கடைசியில் சேரும், ரேமில் உள்ள குறிப்பு அதைக் காட்டும், பழைய பதிவு கிடந்த இடத்திலேயே கிடக்கும். குப்பை சேர்ந்ததும், உயிரோடு உள்ள பதிவுகளை மட்டும் வேறு ஃபைலில் எடுத்து எழுதிவிட்டுப் பழையவற்றை அழித்துவிடும். படிக்க ஒரே தாவல் போதும். ஆனால் எல்லாச் சாவிகளும் ரேமில் அடங்கியாக வேண்டும். லட்சம் சொல்லுக்கு அது ஒரு பொருட்டே இல்லை, நூறு கோடி சாவி என்றால் கணக்குப் பார்த்துத்தான் இறங்க வேண்டும்.

ஹாஷ் முறை எதுவானாலும் அகரவரிசை காணாமல் போய்விடும். ‘க’வில் தொடங்கும் சொற்களை எல்லாம் கொடு என்று கேட்டால் முழு ஃபைலையும் படிப்பதைத் தவிர வழியில்லை. அதற்கு, சாவிகளை வரிசை குலையாமல் வைக்கும் பி-மரம் என்ற அமைப்புதான் சரி.

தமிழ்ச் சொற்களைச் சாவியாக வைப்பவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ‘கொடி’ என்ற சொல்லில் உள்ள கொம்பும் காலும் யூனிகோடில் ஒரே குறியாகவும் வரலாம், கொம்பு தனி, கால் தனி என்று இரண்டு குறிகளாகவும் வரலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். ஆனால் முதலாவது 12 பைட், இரண்டாவது 15 பைட். ஹாஷுக்குத் தெரிந்ததெல்லாம் பைட்டுகள்தான், எனவே இரண்டும் அதற்கு வெவ்வேறு சொற்கள். ஃபைலில் ‘கொடி’ இருந்தும், தேடியவருக்கு ஒரே தாவலில் ‘இல்லை’ என்று வேகமாகப் பதில் போகும். கணக்கிலும் தப்பில்லை, ஃபைலிலும் தப்பில்லை என்பதால் காரணம் கண்டுபிடிப்பது பெரும்பாடு. என்எஃப்சி என்ற யூனிகோடு நெறிமுறை இரண்டு குறிகளையும் சேர்த்து ஒன்றாக்கிவிடும். ஃபைலை எழுதும்போது ஒருமுறை, தேட வரும் சொல்லுக்கு ஒவ்வொரு முறை, 5381இல் கணக்கைத் தொடங்குவதற்கு முன்பே அதைச் செய்துவிட வேண்டும்.