நித்திரையில காசு வாறதுக்கு முந்தி

கொழும்பு கொட்டாஞ்சேனையில ஒரு சின்ன ரூம், ரெண்டு மேசை, ஒரு பழைய பிரிண்டர், அங்கதான் நான் கணக்கு எழுதுறது. முதலாளிமார் டெக்ஸ் ஃபைலுக்கு வருவாங்க, அவங்ககிட்ட வேலை செய்யிறவங்க பாரம் நிரப்ப வருவாங்க. இப்ப கொஞ்ச நாளா ரெண்டு பக்கமும் ஒரே கேள்வி, "பேசிவ் இன்கம் எப்பிடி எடுக்கிறது? நித்திரை கொள்ளேக்கயும் காசு வரணுமாம், யூடியூப்ல சொன்னாங்க."

நான் திருப்பிக் கேக்கிறது வேற. நீங்க நித்திரை கொள்ளேக்க காசு போய்க்கிட்டிருக்கா?

போன வருஷம் ஒரு அண்ணன் வந்தார், புறக்கோட்டை குறுக்குத் தெருவில நாட்டாமி வேலை, முப்பது வருஷமா மூட்டை தூக்கித் தோள்பட்டை போயிட்டுது. கையில ஒரு சிஆர் கொப்பி. நாள் வட்டிக்கு இருபதாயிரம் எடுத்திருக்கார், ஒரு நாளைக்கு ஆயிரப்படி 24 நாள் கட்டணும், கடைசி நாள் கட்டின கையோட அதே ஆள்கிட்ட திருப்பி இருபதாயிரம். கொப்பி முழுக்க ஆயிரம் ஆயிரம் ஆயிரம், ஞாயித்துக்கிழமையும் விடல்ல. ஒரு ரவுண்டுக்கு வட்டி நாலாயிரம், வருஷத்துக்கு 15 ரவுண்டு, ஆக அறுபதாயிரம். கடன் எந்த நேரத்திலயும் இருபதாயிரத்தத் தாண்டினதே இல்ல! நான் கல்குலேட்டர அவர் பக்கம் திருப்பி வச்சன், அவர் கனநேரம் ஒண்டும் கதைக்கல்ல.

அறுபதாயிரம் என்டா மாசம் ஐயாயிரம். அதே ஐயாயிரத்த மாசாமாசம் பேங்க்ல போட்டு எட்டு வீதம் வட்டி கிடைச்சா (வீதம் ஏறும் இறங்கும், சும்மா ஒரு கணக்குக்கு) 15 வருஷத்தில சுமார் 17 லட்சம், போட்டது 9 லட்சம்தான். பிறகு முதலத் தொடாம மாசம் பதினோராயிரத்துக்கு மேல வட்டி வரும். பெரிய காசு இல்லதான், ஆனா தோள்பட்டை கேக்காத காசு.

அதுக்காக எல்லாத்தையும் எஃப்டியில (நிலையான வைப்பில) போட்டுட்டு இருங்க என்டும் சொல்லமாட்டன். 2022 செப்டெம்பர்ல கொழும்பு விலைவாசி அதுக்கு முந்தின வருஷத்த விட கிட்டத்தட்ட 70 வீதம் கூடியிருந்திச்சு, அல்மாரியில நோட்டா வச்சிருந்தவங்கதான் கூட அடிபட்டாங்க, எஃப்டிக்காரங்களும் தப்பல்ல.

சனம் மறந்துபோற ஒண்டு ஈபிஎஃப், அதான் ஊழியர் சேமலாப நிதி. கடையில "நீ கெஷுவல், உனக்கு ஈபிஎஃப் இல்ல" என்டு சொன்னா அது பொய், தற்காலிகமா வேலை செஞ்சாலும், துண்டுக்கணக்கில செஞ்சாலும் முதல் நாளில இருந்தே கட்டணும். உங்கட சம்பளத்தில 8 வீதம், முதலாளி 12, அதுக்கு மேல ஈடிஎஃப் (ஊழியர் நம்பிக்கை நிதி) என்டு முதலாளி இன்னும் 3. நாப்பதாயிரம் சம்பளம் என்டா மாசம் 9,200 உங்கட பேர்ல சேருது, அதில 6,000 முதலாளிட காசு. 2023க்கு ஈபிஎஃப் 13 வீதம் வட்டி குடுத்தது. முதலாளி கட்டல்ல என்டா நாரஹேன்பிட்ட தொழில் திணைக்களத்தில முறைப்பாடு குடுக்கலாம். என்ட கிளையன்ட் முதலாளிமார் இத வாசிச்சா கோவிப்பாங்க, பரவாயில்ல.

மத்தப்படி பேசிவ் என்டு விக்கிறதில முக்கால்வாசி இன்னொரு வேலைதான். லீசிங்ல த்ரீவீல் எடுத்து நாள் வாடகைக்கு விட்டவங்களக் கேட்டுப் பாருங்க, டயர், கராஜ், ட்ரைவர் ஃபோன் எடுக்கமாட்டான், லீசிங்காரன் மட்டும் தவறாம எடுப்பான். ஆனா ஜம்பட்டா வீதிப் பக்கம் பிளவுஸ் தைக்கிற ஒரு அக்கா செஞ்சது எனக்குப் பிடிச்சது, சீட்டுக் காசில ரெண்டாவது மெஷின் வாங்கி ஒரு பிள்ளையப் பழக்கினா. வெட்டுறது அக்கா, தைக்கிறது பிள்ளை, கூலியில பங்கு. முழங்கால் ஒப்பரேஷன் முடிஞ்சு ரெண்டு மாசம் படுத்திருந்தப்போ கட்டில்ல இருந்தே வெட்டிக் குடுத்தா, மெஷின் நிக்கல்ல. முழு பேசிவ் இல்ல, அரைவாசிதான்.

ஹோட்டல் ஹோல்ல டை கட்டிக்கொண்டு வந்து "ரெண்டு பேரச் சேருங்க" என்டு சொன்னா எழும்பி வந்திடுங்க. இப்பிடி ஆள் சேர்த்துக் காசு எடுக்கிற பிரமிட் திட்டம் வங்கிச் சட்டத்திலேயே தடை, சேர்க்கிற நீங்களும் மாட்டுவீங்க. காசு போட முந்தி அந்த இடத்துக்கு மத்திய வங்கி லைசன்ஸ் இருக்கா என்டு பாருங்க, லைசன்ஸ் உள்ள இடம் விழுந்தாலும் ஒரு ஆளுக்கு ஒரு நிறுவனத்தில 11 லட்சம் வரைக்கும் காப்புறுதி இருக்கு.

இன்னொண்டு, 2025 ஏப்ரல்ல இருந்து வட்டியில 10 வீதம் வரி பிடிக்கிறாங்க. வருஷ வருமானம் 18 லட்சத்துக்குக் கீழ என்டா பேங்க்ல பிரகடனப் படிவம் குடுத்தா பிடிக்கமாட்டாங்க. ரிட்டையர் ஆன எத்தனையோ பேர் இது தெரியாம விட்டிருக்காங்க.

நாட்டாமி அண்ணன் இந்தச் சித்திரைக்குப் பிறகு திரும்ப வந்தார். நாள் வட்டி முடிஞ்சுதா என்டு கேட்டன். "முடிஞ்சுது தம்பி, வருஷப் பிறப்புக்கு மட்டும் ஒரு பத்தாயிரம் எடுத்தன், பிள்ளையளுக்கு உடுப்பு" என்டு சொல்லிப்போட்டு, சேட் பொக்கெட்டில இருந்து பேங்க் புத்தகத்த எடுத்து மேசையில வச்சார். நாலு வரி விழுந்திருந்திச்சு, நாலும் ஐயாயிரம்.