கிட்டாரைக் கீறுவது மேட்டாகவும் இருக்கலாம்

தந்தி மாற்றும்போது கிட்டாரின் முதுகிலும் கீறல் விழலாம். போன முறை நறுக்கிய தந்தித் துணுக்கு, கிட்டாருக்கு அடியில் விரிக்கும் மேட்டில் (விரிப்பில்) குத்தி நின்றிருக்கும். சுருட்டி வைத்தபோது அதுவும் உள்ளேயே தங்கியிருக்கும். அதனால் விரிக்கும் முன் மேட்டைக் கவிழ்த்து உதறி, ஈரத்துணியால் துடைத்துவிடுங்கள். தந்தியை வெட்டும்போது துண்டாகப் போகும் நுனியை மறு கையால் பிடித்துக்கொண்டு, மூடியுள்ள டப்பாவில் போட்டுவிட்டால் தொல்லையே இல்லை.

மேட் எதனால் ஆனது என்பதையும் பாருங்கள். நைட்ரோசெல்லுலோஸ் லாக்கர் பூசிய கிட்டார்களுக்குச் சில வகை ரப்பரும் வினைலும் ஆகாது. அவற்றிலுள்ள நெகிழ்வூட்டும் வேதிப்பொருள் லாக்கருக்குள் இறங்கி அதை இளக்கிவிடும். ராத்திரி முழுக்கக் கிடந்தால் மேட்டின் வரி அப்படியே பதிந்துபோகும். பாலியூரித்தேன், பாலியெஸ்டர் பூச்சுகள் இவ்வளவு எளிதில் கெடுவதில்லை. எந்தப் பூச்சு என்று தெரியாவிட்டால் நடுவே பருத்தித் துணி விரியுங்கள், வேலை முடிந்ததும் கிட்டாரை எடுத்துவிடுங்கள்.

நெக்குக்கு (கிட்டாரின் கழுத்துக்கு) அடியில் வைக்கும் தாங்கி, அதன் நுனியில் முறுக்காணிகள் உள்ள ஹெட்ஸ்டாக் மேசையில் இடிக்காத உயரத்தில் இருந்தால் போதும். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். தாங்கி நெக்கை மேல்நோக்கித் தள்ளுவதால் படுக்கவைத்து எடுக்கும் நெக் வளைவின் அளவு பொய்யாகிவிடும். அந்த வளைவைச் சரிசெய்ய, நெக்குக்குள் இருக்கும் ட்ரஸ் ராடு என்ற கம்பியைத் திருக வேண்டுமென்றால், சுருதி சேர்த்து, வாசிக்கும் நிலையில் பிடித்துக்கொண்டு அளக்க வேண்டும். முதல் ஃப்ரெட்டில் (நெக்கின் குறுக்கே உள்ள உலோகப் பட்டையில்) தந்திகளை அழுத்திப் பிடிக்கும் கேப்போ போட்டு, நெக் உடலோடு சேரும் இடத்தில் தடித்த தந்தியை அழுத்துங்கள். ஏழாவது ஃப்ரெட்டுக்கு மேல் 0.2 முதல் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் பெரும்பாலான கிட்டார்களுக்குச் சரி. ஒரு தடவைக்குக் கால் சுற்று, பிறகு மறுபடி சுருதி, மறுபடி அளவு. ராடைத் திருகும் நட் இறுகி நின்றால் பலம் காட்ட வேண்டாம். ராடு முறிந்தால் செலவு பெரிது.

மிதக்கும் பிரிட்ஜ் (தந்திகளின் இழுப்புக்கும் ஸ்பிரிங்குகளுக்கும் நடுவே சமநிலையில் நிற்கும் தந்தித் தாங்கி) உள்ள கிட்டாரில் ஆறு தந்தியையும் ஒரேயடியாகக் கழற்றினால் பின்னாலுள்ள ஸ்பிரிங்குகள் பிரிட்ஜை உள்ளே இழுத்துவிடும். ஒவ்வொன்றாக மாற்றுங்கள்.

ஃப்ரெட்டை 0000 ஸ்டீல் வுல் (மிக நுண்ணிய இரும்பு இழை) கொண்டு தேய்க்கும் வேலையை மட்டும் மேட்டில் செய்யாதீர்கள். பழைய செய்தித்தாளில் செய்து, தாளோடு மடித்து எறிந்துவிடலாம். தந்தியின் அதிர்வைப் பிடிக்கும் காந்தம் உள்ள பிக்கப்பை மாஸ்கிங் டேப்பால் மூடியாக வேண்டும், இல்லாவிட்டால் இரும்புத் தூளைக் காந்தம் இழுத்து வைத்துக்கொள்ளும்.

ஃப்ரெட்போர்டு எண்ணெய், பூச்சில்லாத ரோஸ்வுட்டுக்கும் கருங்காலிக்கும்தான்; லாக்கர் பூசிய மேப்பிளுக்கு அதில் பயனில்லை. சில சொட்டுகள் தடவி, ஓரிரு நிமிடத்தில் துடைத்துவிடுங்கள். எண்ணெய் ஆளிவிதையிலிருந்து எடுத்ததென்றால், துடைத்த துணியைக் கசக்கி மேட்டுக்குள் சுருட்டி வைக்கக் கூடாது. காயும்போது அது சூடேறும். குவியலாகக் கிடந்தால் தானாகவே தீப்பிடிக்கலாம். திறந்த இடத்தில் மடிக்காமல் ஒற்றை அடுக்காக விரித்து, நன்றாகக் காய்ந்த பிறகே குப்பையில் போடுங்கள்.