வாரம் 30 வகைத் தாவர உணவு: எண்ணிக்கையை விடுங்கள், குடலுக்குள் என்ன நடக்கிறது என்று பாருங்கள்

"வாரத்துக்கு 30 வகைத் தாவர உணவு சாப்பிடுங்கள், குடல் நன்றாக இருக்கும்" என்ற அறிவுரை இப்போது எங்கே திரும்பினாலும் கண்ணில் படுகிறது. கேட்டதும் சிலர் "30ஆ, நடக்கிற காரியமா" என்று கைவிட்டுவிடுகிறார்கள், சிலர் பட்டியல் எழுதி ஒட்டிவைத்து டிக் அடிக்க ஆரம்பித்துவிடுகிறார்கள். பல வகை ஏன் தேவைப்படுகிறது என்பது புரிந்துவிட்டால் இந்த இரண்டுக்குமே அவசியம் இருக்காது. அதனால் எண்ணிக்கையை அப்புறம் பார்க்கலாம், முதலில் பெருங்குடலுக்குப் போவோம்.

தாவரங்களில் இருக்கும் சர்க்கரையையும் பெரும்பாலான மாவுச்சத்தையும் நம் உடலே செரித்துக்கொள்கிறது. அதற்கு மேல் நமக்குத் திறமை கிடையாது. உணவிலுள்ள கார்போஹைட்ரேட்டை உடைப்பதற்கான நொதிகளை மனித மரபணுத் தொகுதியில் தேடினால் 20கூடத் தேறாது. ஆனால் நம் பெருங்குடலில் வாழும் பாக்டீராய்ட்ஸ் தீட்டாஅயோட்டாமைக்ரான் என்ற ஒரே ஒரு பாக்டீரியத்திடம் அப்படிப்பட்ட நொதிகள் 200க்கு மேல் இருக்கின்றன. சிறுகுடலில் செரிக்காமல் தப்பி வருகிற எல்லாமும், அதாவது நாம் நார்ச்சத்து என்று சொல்வதில் பெரும்பகுதி, இது போன்ற குடல் பாக்டீரியாக்களின் கைக்குத்தான் போய்ச் சேர்கிறது. எண்ணிக்கையிலும் இவை சாதாரணமில்லை. 2016இல் வெளியான ஒரு மதிப்பீட்டின்படி நம் உடலில் மனித செல்கள் சுமார் 30 லட்சம் கோடி, பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி. எல்லாம் சேர்ந்து எடை 200 கிராம்தான் வரும், பெரும்பாலானவை பெருங்குடலில்.

சரி, நார்ச்சத்துதான் அவற்றின் உணவு என்றால் ஏதாவது ஒரு நார் உணவை நிறையச் சாப்பிட்டால் போதாதா?

இந்த இடத்தில்தான் எல்லோரும் தடுமாறுகிறார்கள். உணவுப் பாக்கெட்டின் பின்னால் நார்ச்சத்து இத்தனை கிராம் என்று ஒரே வரியில் போட்டுவிடுவதால் அது ஏதோ ஒற்றைப் பொருள் மாதிரி மனதில் பதிந்துவிடுகிறது. வெங்காயத்திலும் பூண்டிலும் இருப்பது இனுலின், ஃபிரக்டோஸ் சர்க்கரை வரிசையாகக் கோத்த சங்கிலி. ஓட்ஸிலும் பார்லியிலும் பீட்டா குளுக்கன். கோதுமைத் தவிட்டில் அராபினோசைலன். பயறு வகைகளில் ராஃபினோஸ், ஸ்டாக்கியோஸ் என்ற சிறு சர்க்கரைத் தொடர்கள். காயாக இருக்கும் வாழையிலும் வேகவைத்து ஆறவிட்ட உருளைக்கிழங்கிலும் நம் நொதிகளுக்கு மசியாத ஒரு வகை மாவுச்சத்து. ஆப்பிளிலும் ஆரஞ்சிலும் பெக்டின். இவை ஒவ்வொன்றிலும் சர்க்கரை மூலக்கூறு வேறு, அவை பிணைந்திருக்கும் கோணம் வேறு, கிளைகள் வேறு. ஒரு பிணைப்பை வெட்டும் நொதி பக்கத்திலிருக்கும் இன்னொரு பிணைப்பைத் தொடக்கூடத் தொடாது.

பெக்டினுக்குள் ஒரு சின்னப் பகுதியை மட்டும் எடுத்துப் பாருங்கள். ராம்னோகேலக்டூரோனன்-2 என்று பெயர். 13 வகைச் சர்க்கரைகள், 21 வகைப் பிணைப்புகள். இதுவரை தெரிந்த சர்க்கரைச் சங்கிலிகளிலேயே சிக்கலானது இதுதான். மேலே சொன்ன அதே பாக்டீராய்ட்ஸ் பாக்டீரியம் இந்த 21 பிணைப்புகளில் ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் வெட்டிவிடுகிறது என்று 2017இல் கண்டறிந்தார்கள். ஒரு பழத்தின் செல்சுவரில் ஓரமாக ஒட்டியிருக்கும் ஒரு பொருளுக்காக இத்தனை நொதிகளைத் தயாராக வைத்திருக்கிற உயிரி நமக்குள் வாழ்கிறது என்பது எனக்கு இன்றைக்கும் பெரிய வியப்புதான்.

ஆனால் எல்லா பாக்டீரியாவும் இப்படிப் பல வேலை தெரிந்தவை அல்ல. பல இனங்கள் ஒன்றிரண்டு வகை நாரை மட்டும் நம்பிப் பிழைக்கின்றன. அந்த நார் நாள்கணக்கில் வரவில்லை என்றால் அவற்றின் எண்ணிக்கை சரிகிறது, அந்த இடத்தை வேறு ஏதாவது பிடித்துக்கொள்கிறது. ஆகவே தினமும் 30 கிராம் நார்ச்சத்து எடுத்தாலும் அது முழுக்க ஒரே தானியத்திலிருந்து வந்தால் ஒரு குறிப்பிட்ட கூட்டத்துக்கு மட்டும்தான் விருந்து, மற்றவை பட்டினி. ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் 2022இல் வெளியான ஒரு சிறிய ஆய்வில் சுத்திகரித்த நார்களைத் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். அராபினோசைலன் கெட்ட கொழுப்பைக் குறைத்தது, இனுலின் பைஃபிடோபாக்டீரியங்கள் என்ற நல்ல குடல் பாக்டீரியாக்களைப் பெருக்கியது, அதே இனுலினை நாளுக்கு 30 கிராம் வரை ஏற்றியபோது சிலருக்கு அழற்சிக்கான அறிகுறிகள் ரத்தத்தில் கூடின. ஒரே ஒரு நாரை டப்பாவில் வாங்கி அளவுக்கு மேல் குடிப்பது பல தாவரங்களைச் சாப்பிடுவதற்கு ஈடாகாது என்று நான் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம். இசப்கோலையும் இங்கே சொல்லிவிட வேண்டும். மலச்சிக்கலுக்கு அது அருமையான பொருள், ஆனால் பாக்டீரியாக்கள் அதைப் பெரும்பாலும் தொடுவதில்லை. நீரைப் பிடித்துவைத்து வேலையை முடித்துவிட்டு அப்படியே வெளியேறிவிடும்.

ஒரு பாக்டீரியம் உடைத்ததை அதுவே முழுசாகத் தின்றுவிடுவதும் இல்லை. ரூமினோகாக்கஸ் புரோமை என்ற இனம், செரிக்காத மாவுச்சத்துத் துகள்களைப் பிளந்து கொடுப்பதில் கெட்டிக்காரன். இது மிகக் குறைவாக இருந்த சிலருக்கு அந்த மாவுச்சத்தைச் சாப்பிடக் கொடுத்தபோது, அதில் பெரும்பகுதி உடையாமலே வெளியே வந்துவிட்டது. குடலில் மற்ற ஆயிரம் பாக்டீரியாக்கள் இருந்தும் முதல் வெட்டைப் போட ஆளில்லை. அந்த முதல் வெட்டு விழுந்துவிட்டால் உதிரும் துண்டுகளை வேறு இனங்கள் எடுத்துக்கொள்கின்றன. பைஃபிடோபாக்டீரியங்கள் அசிட்டேட், லாக்டேட் என்ற அமிலப் பொருள்களை வெளியிடுகின்றன, அவற்றை வாங்கி ஃபேகலிபாக்டீரியம், அனேரோஸ்டைப்ஸ் போன்ற பாக்டீரியாக்கள் பியூட்டிரேட் என்ற சிறு கொழுப்பு அமிலமாக மாற்றுகின்றன. இத்தனை கையும் மாறித்தான் கடைசிப் பொருள் நமக்கு வந்து சேர்கிறது. நடுவில் ஒரு இனம் காணாமல் போனால் அந்த வேலையை இன்னொன்று எடுத்துச் செய்யலாம், செய்யாமலும் போகலாம். இனங்கள் நிறைய இருந்தால் செய்ய ஆள் இருக்கும் வாய்ப்பு அதிகம், அவ்வளவுதான்.

அந்தப் பியூட்டிரேட் ஏன் அவ்வளவு முக்கியம்? நம் உடலின் பெரும்பாலான செல்கள் ரத்தத்தில் வரும் குளுக்கோஸை எரிக்கின்றன, ஆனால் பெருங்குடலின் உட்சுவர் செல்கள் தங்களுக்கு வேண்டிய ஆற்றலில் சுமார் 70 சதவீதத்தைப் பியூட்டிரேட்டிலிருந்தே எடுத்துக்கொள்கின்றன. அதை எரிக்க ஆக்சிஜன் வேண்டும். சுவர் செல்கள் ஆக்சிஜனை இப்படி உறிஞ்சித் தீர்த்துவிடுவதால் குடலின் உள்வெளிக்கு அது கசிவதில்லை, ஆக்சிஜன் ஆகாத நல்ல பாக்டீரியாக்கள் நிம்மதியாக இருக்கின்றன, ஆக்சிஜன் கிடைத்தால் துள்ளிப் பெருகும் சால்மொனெல்லா போன்றவை ஒடுங்கிக் கிடக்கின்றன. அதாவது பாக்டீரியா நமக்கு எரிபொருள் கொடுக்கிறது, நாம் அதை எரிப்பதாலேயே அதற்கு ஏற்ற சூழலும் உருவாகிறது. இதோடு, நோய் எதிர்ப்பு மண்டலம் தேவையில்லாமல் கொதிக்காமல் பார்த்துக்கொள்ளும் ஒழுங்குபடுத்தும் டி செல்கள் பெருகவும் பியூட்டிரேட் துணை செய்கிறது என்று 2013இல் எலிகளில் காட்டினார்கள்.

நார் வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கும் எலிகளில் ஒரு சோதனை இருக்கிறது, 2016இல் வெளியானது. கிருமியே இல்லாமல் வளர்த்த எலிகளின் குடலில் மனிதக் குடல் பாக்டீரியாக்கள் 14 இனங்களை மட்டும் குடியேற்றி, ஒரு கூட்டத்துக்கு நார் உள்ள உணவும் இன்னொன்றுக்கு நாரே இல்லாத உணவும் கொடுத்தார்கள். நார் கிடைக்காத எலிகளில் பாக்டீரியாக்கள் சும்மா இருக்கவில்லை. குடல் சுவரை மூடியிருக்கும் சளிப்படலமும் சர்க்கரைச் சங்கிலிகளால் ஆனதுதானே, அதைத் தின்ன ஆரம்பித்துவிட்டன. படலம் மெலிந்தது. அப்புறம் எலிகளைத் தாக்கும் ஒரு குடல் கிருமியைச் செலுத்தியபோது அது நேராகச் சுவரை அடைந்துவிட்டது, நார் தின்ற எலிகள் தாக்குப்பிடித்தன. சளியைத் தின்னும் அக்கர்மான்சியா போன்ற இனங்கள் கெட்டவை என்று இதற்கு அர்த்தமில்லை. அளவோடு இருக்கும்போது நன்மை தரும் இனமாகத்தான் அதைப் பார்க்கிறார்கள். வேறு உணவு கிடைக்காதபோதுதான் சிக்கல்.

இப்போது அந்த 30க்கு வருவோம். அமெரிக்கன் கட் (Gut, அதாவது குடல்) புராஜெக்ட் என்று 2012இல் தொடங்கிய திட்டத்தில் பொதுமக்கள் தாங்களே பணம் கட்டித் தங்கள் மல மாதிரியை அனுப்பி, உணவுப் பழக்கம் பற்றிய கேள்விகளுக்கும் பதில் எழுதினார்கள். நுண்ணுயிர் ஆய்வாளர் ராப் நைட் முதலானோர் நடத்திய இந்த ஆய்வின் முடிவுகள் 10,000க்கும் மேற்பட்டோரின் தகவல்களோடு 2018இல் வெளிவந்தன. வாரத்துக்கு 30க்கு மேல் தாவர வகைகளைச் சாப்பிட்டவர்களின் குடலில், 10 அல்லது அதற்குக் குறைவாகச் சாப்பிட்டவர்களைவிட நுண்ணுயிர்களின் வகைமை அதிகமாக இருந்தது, ஆன்டிபயாடிக்கை எதிர்க்கும் மரபணுக்கள் குறைவாக இருந்தன. சைவமா அசைவமா என்பதைவிட எத்தனை வகைத் தாவரம் என்பதே பெரிய வித்தியாசத்தைக் காட்டியது.

ஆனால் 30 என்பது உடலில் எங்கோ எழுதிவைத்த எல்லைக்கோடு இல்லை. அந்தக் கேள்வித்தாளில் விடைகள் 6 முதல் 10, 11 முதல் 20 என்று போய் "30க்கு மேல்" என்று முடிந்தன, அந்தக் கடைசிக் கட்டம்தான் ஊடகங்களில் இலக்காக மாறிவிட்டது. 22 வகை சாப்பிடுகிறவர் தோற்றுவிட்டார் என்று இதில் எதுவும் இல்லை. பல வகை சாப்பிடுகிறவர்கள் வேறு பல நல்ல பழக்கங்களும் உள்ளவர்களாக இருக்கலாம், இந்த மாதிரி ஆய்வால் எது காரணம் எது விளைவு என்று பிரித்துச் சொல்ல முடியாது.

எதிர்த்திசையில் காட்டும் முடிவையும் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. 2021இல் ஸ்டான்ஃபோர்டில் 36 ஆரோக்கியமான பெரியவர்களைப் பிரித்து ஒரு பாதிக்கு நார்ச்சத்தை நன்றாகக் கூட்டினார்கள், மறுபாதிக்குத் தயிர் போன்ற புளிக்கவைத்த உணவுகளைக் கூட்டினார்கள். புளித்த உணவுக் குழுவில் நுண்ணுயிர் வகைமை கூடி, அழற்சியோடு தொடர்புள்ள 19 புரதங்கள் குறைந்தன. நார்ச்சத்துக் குழுவில் மொத்தமாகப் பார்த்தால் வகைமை கூடவே இல்லை. ஆய்வு நடந்தது சில வாரங்கள்தான், அதனால் போதிய காலம் இல்லாமல் இருந்திருக்கலாம். இன்னொரு விளக்கம், அந்த நாரை உடைக்கத் தெரிந்த இனங்களே சிலரிடம் ஏற்கெனவே அழிந்துபோயிருக்கலாம். ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர் ஜஸ்டின் சோனன்பர்க்கின் குழு 2016இல் எலிகளைத் தலைமுறை தலைமுறையாக நார் குறைந்த உணவில் வளர்த்தபோது ஒவ்வொரு தலைமுறையிலும் இனங்கள் குறைந்துகொண்டே போயின, நான்காவது தலைமுறையில் நாரைத் திரும்பக் கொடுத்தும் அவை வரவில்லை, இழந்த பாக்டீரியாக்களைச் சேர்த்துக் கொடுத்தபோதுதான் வந்தன. இல்லாத ஒன்றுக்கு எவ்வளவு உணவு போட்டாலும் அது முளைத்துவிடாது. இருப்பதை இழக்காமல் வைத்துக்கொள்வதற்கு நான் இவ்வளவு அழுத்தம் கொடுப்பது இதனால்தான்.

நடைமுறையில் எண்ணிக்கை நினைப்பதைவிடச் சீக்கிரம் ஏறிவிடும். காய், பழம் மட்டுமல்ல, தானியம், பயறு, கொட்டை, விதை, கீரை, மசாலாப் பொருள் எல்லாமே தாவரம்தான். மேலே சொன்ன ஆய்விலும் ஒரு சூப்பில் கேரட், உருளைக்கிழங்கு, வெங்காயம் இருந்தால் மூன்று என்றே கணக்கு. ஒரே காயை நாலு விதமாகச் சமைத்தால் அது ஒன்றுதான். ஒரே பயறு என்பதை நாலு பயறு கலந்ததாக மாற்றுவது, ஒரே கொட்டை என்பதைப் பல கொட்டையும் விதையும் கலந்த டப்பாவாக மாற்றுவது, இந்த இரண்டும்தான் சிரமமே இல்லாத வழி. உறையவைத்த காயும் கணக்கில் சேரும். சாறு பிழிந்து வடிகட்டினால் நார் பெரும்பாலும் சக்கையோடு போய்விடும், தவிட்டை நீக்கிய மாவிலும் அதே கதைதான். பழங்களுக்கும் கீரைகளுக்கும் நிறத்தையும் துவர்ப்பையும் கொடுக்கும் பாலிஃபீனால்களும் பெரும்பகுதி செரிக்காமல் பெருங்குடலுக்கு வந்து பாக்டீரியாவால் மாற்றப்படுகின்றன. மாதுளையிலும் வால்நட்டிலும் இருக்கும் எல்லகிட்டானின்களை யூரோலித்தின் என்ற பொருளாக மாற்றும் பாக்டீரியாக்கள் எல்லோரிடமும் இருப்பதில்லை, ஒரே பழத்தைச் சாப்பிடும் இரண்டு பேருக்குக் கிடைப்பது ஒன்றாக இருக்காது.

எவ்வளவு என்று கேட்டால், பெரியவர்களுக்கு நாளுக்குக் குறைந்தது 25 கிராம் நார்ச்சத்து, 400 கிராம் காய்கனி என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனால் நேற்று வரை குறைவாகச் சாப்பிட்டவர் இன்றைக்கே அதற்குத் தாவக் கூடாது. நார் நொதிக்கும்போது ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடும் உருவாகும், வயிறு உப்பும், வலிக்கும், "இது நமக்கு ஒத்துக்காது" என்று மூன்றாம் நாளே நிறுத்திவிடத் தோன்றும். வாரத்துக்கு ஒன்றிரண்டு புது வகையாகச் சேர்த்து, தண்ணீரையும் கூட்டிக்கொண்டே போனால் பெரும்பாலானவர்களுக்கு உப்பல் தானாகக் குறையும். எரிச்சல் குடல் நோய் (ஐபிஎஸ்) உள்ளவர்களுக்கு மட்டும் இது வேறு விஷயம். வெங்காயம், பூண்டு, பயறு போன்ற சீக்கிரம் நொதிக்கும் உணவுகள்தான் அவர்களில் பலருக்குத் தொந்தரவைத் தூண்டுபவை, அவர்களும் குடலில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களும், குடல் சுருக்கம் உள்ளவர்களும் மருத்துவரிடமோ உணவியல் நிபுணரிடமோ கேட்டு, எந்த நார் தங்களுக்கு ஏற்றது என்று தெரிந்துகொண்டு தொடங்க வேண்டும்.