எதையும் குடிக்கும் எஞ்சினுக்கு எது ஒத்துக்கொள்ளாது?

அமெரிக்கத் தரைப்படையின் எம்35ஏ2 லாரியில் டீசல் ஊற்றலாம்; ஜெட் விமானங்களுக்கான எரிபொருளை ஊற்றலாம்; நெருக்கடியான வேளையில் பெட்ரோலும் ஊற்றலாம். ரியோ நிறுவனம் வடிவமைத்து, 1950-ஐ ஒட்டிப் படையில் சேர்க்கப்பட்ட இந்த ஆறு சக்கர இயக்க லாரி வகை, கரடுமுரடான நிலத்தில் இரண்டரை டன் சுமக்கக்கூடியது என்பதால் 'டியூஸ் அண்ட் எ ஹாஃப்' என்ற பட்டப்பெயரைப் பெற்றது. படையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஏலத்தில் விற்கப்பட்டு, இன்று விவசாயிகளிடமும் பழைய வாகனப் பிரியர்களிடமும் ஓடிக்கொண்டிருக்கும் இவ்வண்டிகளில் அடிக்கடி தலைதூக்கும் கோளாறுகளைக் கவனித்தால் ஒன்று புலப்படும்: எந்த எரிபொருளையும் செரிக்கும் இந்த எஞ்சினுக்குக் காற்றுக் குமிழியும் தண்ணீரும் நீண்ட நாள் ஓய்வும் மட்டும் ஒத்துக்கொள்வதில்லை.

இதன் எஞ்சின் ஆறு சிலிண்டர்களும் ஏறத்தாழ 7.8 லிட்டர் கொள்ளளவும் கொண்டது. சிலிண்டருக்குள் நுழையும் காற்றை அது இருபத்திரண்டில் ஒரு பங்காகச் சுருக்குகிறது. அவ்வளவு வேகமாகச் சுருங்கும் காற்றின் வெப்பம், எஞ்சின் நல்ல நிலையில் இருந்தால், 500 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிடும். தானாகப் பற்றிக்கொள்வதை எதிர்ப்பதே பெட்ரோலின் குணம். அதையும் பொறியின்றிப் பற்றவைக்க வேண்டும் என்பதால்தான் இத்தனை உயர்ந்த அமுக்க விகிதம் தேவைப்பட்டது. ஆனால் எரிபொருள் முழுவதும் ஒரே நொடியில் பற்றினால் எஞ்சின் அடிபட்டுப் போகும். ஆகவே ஜெர்மனியின் மான் நிறுவனத்தில் சிக்ஃப்ரீட் மாய்ரர் உருவாக்கிய முறையைத் தழுவி, பிஸ்டனின் தலையில் கோளவடிவக் குழி ஒன்றை அமைத்தார்கள். எரிபொருளின் பெரும்பகுதி அக்குழியின் சுவரில் மெல்லிய படலமாகப் படிகிறது. சிறு பகுதி மட்டும் முதலில் பற்ற, சுழலும் சூடான காற்று மீதிப் படலத்தை அடுக்கடுக்காக ஆவியாக்கி எரிக்கிறது.

புதிதாக வண்டி வாங்கியவர்களைப் பயமுறுத்தும் முதல் 'கோளாறு' இந்த வடிவமைப்பிலிருந்தே பிறக்கிறது. குளிர்ந்த காலையில் குழியின் சுவரும் குளிர்ந்திருப்பதால், படிந்த எரிபொருள் ஒழுங்காக ஆவியாகாமல், அரைகுறையாக வெண்புகையாக வெளியேறும். காற்று நுழையும் குழாயில் எரிபொருளைத் தெளித்துக் கொளுத்திக் காற்றைச் சூடாக்கும் சுடர்க் கருவி ஒன்றைப் படையினர் பொருத்தியதும் இதற்காகத்தான். எஞ்சின் சூடேறியதும் மறையும் வெண்புகையைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. சூடேறிய பிறகும் அது நின்றபாடில்லை, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைகிறது, குமிழிகளும் எழுகின்றன என்றால், சிலிண்டர்களை மேலே மூடும் 'ஹெட்' எனும் மூடிக்கு அடியில் கசிவைத் தடுக்கும் தகடான ஹெட் கேஸ்கெட் போய்விட்டதாகச் சந்தேகிக்க வேண்டும். இந்த எஞ்சினில் மூன்று சிலிண்டர்களுக்கு ஒன்றாக இரண்டு ஹெட்டுகள் இருப்பதால், எந்தப் பாதி என்று கண்டுபிடித்துவிட்டால் வேலையும் பாதியாகிவிடும்.

கிளம்பிய எஞ்சின் சற்று நேரத்தில் திணறி நின்றுபோவதே இவ்வண்டியைப் பற்றி அதிகம் கேட்கும் புகார். உடனே, சிலிண்டருக்குள் எரிபொருளைப் பீய்ச்சும் இன்ஜெக்டர்களைக் கழற்ற ஓடுகிறவர்கள் உண்டு, அது வீண்வேலை. டேங்குக்குள் மின்சாரப் பம்ப் ஒன்றும், எஞ்சின் பக்கம் இழுக்கும் பம்ப் ஒன்றும் உள்ளன. டேங்க் பம்ப் வேலை செய்யும்வரை குழாய்க்குள் அழுத்தம் வெளியிலிருப்பதைவிட அதிகம். தளர்ந்த இணைப்பு இருந்தால் எரிபொருள் வெளியே கசிந்து தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். அந்தப் பம்ப் செத்துப்போனாலும் எஞ்சின் பெரும்பாலும் ஓடும், ஏனெனில் முன்பக்கப் பம்ப் உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் இப்போது குழாய்க்குள் அழுத்தம் குறைவு என்பதால், அதே தளர்ந்த இணைப்பு ஒரு சொட்டும் வெளியே விடாமல் காற்றை உள்ளே இழுக்கும். 'ஏர் பிடித்துவிட்டது' என்று பணிமனைகளில் சொல்வது இதைத்தான். கசிவு நின்றுவிட்டது என்று உரிமையாளர் மகிழ்ந்த வாரத்திலேயே வண்டி நடுவழியில் நிற்பதன் இரகசியம் இது.

குமிழி ஏன் அவ்வளவு பெரிய எதிரி? திரவம் ஏறத்தாழச் சுருங்காது. காற்று ஸ்பிரிங்கைப் போலச் சுருங்கும். இன்ஜெக்டரின் ஊசியைத் திறக்கச் சுமார் 200 பார், அதாவது நம்மைச் சூழ்ந்த காற்றின் அழுத்தத்தைப் போல ஏறத்தாழ 200 மடங்கு, அழுத்தம் வேண்டும். நடுவில் குமிழி இருந்தால் பம்பின் உந்துதல் அதைச் சுருக்குவதிலேயே தீர்ந்துபோகும். ஆகவே சோதனையை டேங்கில் தொடங்கி, சுவிட்சைப் போட்டதும் பம்பின் ஓசை கேட்கிறதா, ஃபில்டருக்கு எரிபொருள் வருகிறதா, ஃபில்டரைத் தாண்டிக் குமிழியின்றிப் போகிறதா என்று வரிசையாக முன்னேற வேண்டும். இன்ஜெக்டர் குழாயின் நட்டைத் தளர்த்திப் பார்ப்பது கடைசிக் கட்டம். அப்போதும் கையை அருகில் கொண்டுபோகக் கூடாது, ஏனெனில் அந்த அழுத்தத்தில் பீய்ச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

தண்ணீர் செய்யும் கேடு மெதுவானது. எரிபொருளை உந்தும் தண்டான பிளஞ்சர் ஒன்றே மேலும் கீழும் அசைந்தபடியே சுழன்று ஆறு சிலிண்டர்களுக்கும் எரிபொருளைப் பங்கிடும் வகையைச் சேர்ந்தது இதன் இன்ஜெக்ஷன் பம்ப். பிளஞ்சருக்கும் அதன் உறைக்கும் இடையே உள்ள இடைவெளி தலைமயிரின் தடிமனைவிட மிகக் குறைவு; மசகாக இருப்பதும் அந்த எரிபொருளே. பாதி நிரம்பிய டேங்க், பகலும் இரவும் மாறி மாறி ஈரக்காற்றை உள்ளே இழுத்து வேர்க்க, அடியில் சேரும் நீர் பம்பை எட்டித் துருவேற்றினால், பிளஞ்சர் இறுகிவிடும். மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும் வண்டியின் டேங்கை நிரப்பி வைப்பதும், ஃபில்டர்களின் அடிக்குழாயைத் திறந்து நீரை வடிப்பதும் அதனால்தான். எரிபொருளின் அடர்த்திக்கேற்ப அளவைக் கூட்டிக் குறைக்கும் சாதனம் ஒன்றும் இந்தப் பம்பில் உண்டு. டீசலை மட்டுமே ஊற்றுகிற பலர் அதன் பழைய சீல்கள் கசியத் தொடங்கியதும் அதைச் செயலிழக்கச் செய்துவிடுகிறார்கள். என் பார்வையில் அது நியாயமான முடிவே.

கரும்புகை என்றால் எரிபொருளுக்கு ஈடான காற்று இல்லை என்று பொருள். முதலில் ஏர் ஃபில்டரைப் பாருங்கள். நீலப்புகை எஞ்சின் ஆயில் எரிவதன் அடையாளம்.

மின்சாரம் 24 வோல்ட். இரண்டு 12 வோல்ட் பேட்டரிகள் தொடராக இணைக்கப்பட்டிருக்கும். ரேடியோவுக்காக ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுத்தால் அது இளைத்து மற்றதையும் கெடுக்கும். செல்ஃப் மோட்டார் 300 ஆம்பியர் இழுக்கும்போது, துருப்பிடித்த எர்த் இணைப்பில் 0.01 ஓம் தடை இருந்தாலே 3 வோல்ட் காணாமல் போகும். எஞ்சின் மெதுவாகச் சுழன்றால், சுருங்கிய காற்றின் வெப்பம் சிலிண்டர் சுவருக்குத் தப்பிப்போய் எரிபொருள் பற்றாது. அதை எரிபொருள் கோளாறு என்று தவறாக எண்ணிக்கொள்வது எளிது.

இவை எல்லாவற்றையும்விட நேரம் செலவிட வேண்டிய இடம் பிரேக். மிதியை அழுத்தினால் மாஸ்டர் சிலிண்டரிலிருந்து கிளம்பும் பிரேக் ஆயிலின் அழுத்தத்தை, 'ஏர் பேக்' எனும் கருவி அமுக்கிய காற்றின் துணையால் பெருக்கி எல்லாச் சக்கரங்களுக்கும் அனுப்புகிறது. இன்றைய வாகனங்களைப் போல இரண்டு தனிச் சுற்றுகள் இதில் இல்லை, ஒரே சுற்றுதான். ஒரு சக்கரத்தின் சிலிண்டர் கசிந்தால் எல்லாச் சக்கரங்களிலும் பிரேக் போய்விடும். மிதி தரைவரை போனால், ஆயில் குறைந்திருக்கும் அல்லது இங்கும் குமிழி புகுந்திருக்கும். மிதி கல்லைப்போல் கெட்டியாக இருந்து வண்டி நிற்க மறுத்தால், காற்றழுத்தம் ஏறவில்லை அல்லது ஏர் பேக் பழுது என்று பொருள். வழக்கமான பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சி உட்சுவரைத் துருவேற்றுகிறது என்பதால், அமெரிக்கப் படை 1980களில் ஈரத்தை உறிஞ்சாத சிலிக்கான் ஆயிலுக்கு மாறியது. வாங்கிய வண்டியில் எது இருக்கிறது என்று தெரியாமல் மற்றொன்றைக் கலக்கக் கூடாது.

இத்தனைக்கும் மாற்றாக வண்டியில் இருப்பது கை பிரேக் ஒன்றுதான். அது சக்கரங்களில் அல்லாமல் கியர்ப் பகுதியிலிருந்து பின்னால் போகும் சுழல்தண்டில், ஆயிலையோ காற்றையோ நம்பாமல், கம்பியால் இயங்குகிறது. பல ஏல வண்டிகளில் அது சரிசெய்யப்படாமல் தொளதொளவென்று கிடக்கும். எஞ்சினைக் கிளப்பிப் பார்க்கும் ஆசையை ஒரு நாள் தள்ளிப்போட்டு, முதல் ஸ்பேனரை அங்கே வைப்பது நல்லது.