ரத்து செய்வதை ரத்து செய்யவா?

போன தைப்பூசத்துக்கு முன்னால் மொரீஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் ஒரு கோவிலுக்குக் காவடிப் பதிவுக்காகச் சின்னதாக ஒரு வெப் ஆப் செய்து கொடுத்தேன். பெயர், போன் நம்பர், காவடியா பால்குடமா, அவ்வளவுதான். பதிவிலிருந்து ஒரு பெயரை எடுக்கப் போனால் பிரெஞ்சில் ஒரு கேள்வி வரும்: இந்தப் பதிவை ரத்து செய்யவா? கீழே இரண்டு பட்டன், 'ஓகே', 'அன்யூலே'. அன்யூலே என்றாலும் ரத்துதானே! (அதை அழுத்தினால் எதையும் செய்யாமல் பெட்டி மூடிவிடும்.) பதிவு மேசையில் இருந்த அக்கா, ரத்து செய்யத்தானே வந்தோம் என்று அதையே அழுத்தி அழுத்திப் பார்த்துவிட்டு, பெயர் போகவே மாட்டேன் என்கிறது என்று கிரியோலில் எனக்குப் போன் போட்டார்.

அந்தக் கேள்விப் பெட்டி, வெப் பக்கங்களை இயக்கும் மொழியான ஜாவாஸ்கிரிப்ட் தரும் கன்ஃபர்ம். அதில் நம் கையில் இருப்பது கேள்வி மட்டும்தான். பட்டனில் என்ன வார்த்தை என்பது பிரவுசர் எந்த மொழியில் ஓடுகிறதோ அதைப் பொறுத்தது. அப்புறம், பெட்டி திறந்திருக்கும் வரை பக்கத்தின் ஸ்கிரிப்ட் அப்படியே நின்றுவிடும். அதை எல்லோரும் குறை சொல்வோம், ஆனால் அந்த நிற்பதை நம்பித்தான் பாதி கோட் எழுதியிருப்போம். நானும் அப்படித்தான்.

அன்று இரவே சொந்தப் பெட்டி ஒன்று செய்து, 'ஆமாம் என்றால் எடு' என்ற இஃப்புக்குள் கன்ஃபர்ம் இருந்த இடத்தில் என் ஃபங்ஷன் பெயரைப் போட்டேன். சோதித்தால், பெட்டி வந்து நிற்பதற்குள் பெயர் போய்விட்டது. (நல்லவேளை, லேப்டாப்பில் இருந்த நகல்.) என் ஃபங்ஷன் திருப்பித் தருவது ப்ராமிஸ், அதாவது பதில் பிறகு வரும் என்ற வாக்குறுதி. பதில் வந்தாலும் வராவிட்டாலும் இஃப்புக்கு அது 'ஆமாம்'தான். பதில் வரும்வரை காத்திரு என்று சொல்லும் ஒரே ஒரு அவெயிட் விட்டுப்போனதற்கு இந்தப் பாடு. ஃபார்ம் சப்மிட்டில் இன்னும் மோசம், அவெயிட்டுக்கு முன்னாலேயே ப்ரிவென்ட் டிஃபால்ட் (பிரவுசர் தானாகச் செய்வதைத் தடுப்பது) போடாவிட்டால் நீங்கள் பதிலுக்குக் காத்திருக்கும்போதே ஃபார்ம் போய்ச் சேர்ந்திருக்கும்.

பெட்டியை டிவ்வும் (வெறும் கட்டம்) இசட் இண்டெக்ஸும் (எது மேலே என்று சொல்லும் எண்) வைத்துக் கட்டாதீர்கள். இதற்கென்றே உள்ள டயலாக் எலிமென்ட் குரோமில் 2014லிருந்தே இருக்கிறது, ஃபயர்ஃபாக்ஸிலும் சஃபாரியிலும் 2022 மார்ச்சில் வந்துவிட்டது. ஷோ இல்லை, ஷோ மோடல் என்று திறந்தால்தான் பின்னால் இருப்பதைத் தொட முடியாது, எஸ்கேப் தட்டினால் மூடும். அந்த எஸ்கேப்பில்தான் இரண்டாவது தடவை மாட்டினேன். பட்டன் கிளிக்கை மட்டும் கவனித்தால் எஸ்கேப் தட்டியவருக்குப் பதிலே வராமல் ப்ராமிஸ் தொங்கும். சரி என்று பெட்டி மூடும்போது வரும் க்ளோஸ் ஈவென்டில் ரிட்டர்ன் வேல்யூவை (எந்தப் பட்டன் என்ற பதிலை) படித்தால், எஸ்கேப் அதை மாற்றுவதில்லை, போன தடவை அழுத்திய 'எடு' அதிலேயே உட்கார்ந்திருக்கும். ஒவ்வொரு முறையும் திறப்பதற்கு முன் அதைக் காலி செய்யுங்கள். கேள்விக்குள் ஆட்களின் பெயரை வைக்க வெறும் எழுத்தாகக் காட்டும் டெக்ஸ்ட் கன்டென்ட் போதும், அடித்ததைப் பக்கத்தின் கோடாகவே எடுத்துக்கொள்ளும் இன்னர் எச்டிஎம்எல் வேண்டவே வேண்டாம், பெயர்க் கட்டத்தில் யார் என்ன அடிப்பார்கள் என்று நமக்குத் தெரியாது.

இப்போது பட்டனில் 'பெயரை எடு', 'இருக்கட்டும்' என்ற அர்த்தத்தில் பிரெஞ்சு வார்த்தைகள். பெட்டி திறந்ததும் எந்தப் பட்டன் தேர்வாகியிருக்கும் என்று சொல்லும் ஆட்டோஃபோகஸ் 'இருக்கட்டும்' மேல், கை தவறி என்டர் தட்டினாலும் யார் காவடியும் போகாது. 'சேமித்தாயிற்று' என்று சொல்லவும் ஒரு பெட்டி வைத்திருந்தேன், அதைத் தூக்கிவிட்டேன். பட்டன் பக்கத்தில் ஒரு வரி வந்து போனால் போதும், வரிசையில் இருபது பேர் நிற்கும்போது ஒவ்வொரு பெயருக்கும் ஓகே தட்ட அக்காவுக்குப் பொறுமை ஏது.